பாண்காரத் தியாகுவுக்கு ஓர் உடற்தகுதிப் பத்திரம்

போன மாதம் டயகமப் பக்கம் வேலை செய்கிற ஓர் இளம் உதவி வைத்தியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, சைக்கிள் ஓடுற பொடியன் ஒருத்தன் வெளிநாட்டுப் போட்டிக்கு ஃபிட்னஸ் சேர்டிபிக்கற் வேணுமெண்டு வந்து நிக்கிறான். டொக்டர் கையெழுத்து வைக்க முதல் எல்லாத்தையும் என்னைப் பாத்து வைக்கச் சொல்லுறார். என்னென்ன பாக்கோணும்?" நாடி, இரத்த அழுத்தம், இதயத்தின் ஒலி, ஈ.சி.ஜி. என்று ஒப்புவித்தேன். "பழைய கிளினிக் கொப்பி கொண்டுவந்தால் அதில கிடக்கிறதை அப்பிடியே நம்பாதை தம்பி" என்றும் சொன்னேன். "ஏன் ஐயா?" என்றார். அதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வார்டுகளில் நின்றோம், ஏச்சு வாங்கினோம், சோதனை எழுதினோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹட்டன் பக்கம் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உதவி வைத்தியராக அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பிழை என்னுடையது, அந்தக் கட்டடத்தினுடையது அல்ல. அங்கே வைத்திய அதிகாரி பெரிய டாக்டர், நான் சின்ன டாக்டர்.

தோட்டத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் முதலில் துண்டு, அதாவது சுகமில்லை என்று டாக்டர் எழுதித் தருகிற சீட்டு. காய்ச்சலோ காலில் வெட்டோ, துண்டு இல்லாமல் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராவிட்டால் கணக்கப்பிள்ளை வாய்க்கு வந்தபடி பேசுவார். ஆகவே எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் தமக்குச் சுகமில்லை என்று எழுதி வாங்க வந்தவர்கள். எழுதியே என் விரல் தேய்ந்தது. தனக்குச் சுகம் என்று எழுதித் தரும்படி கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அந்தத் துண்டுகளையும், நோயும் மருந்தும் பதிகிற கிளினிக் கொப்பிகளையும் அவர்கள் காணி உறுதிப் பத்திரம் போலப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார்கள்.

முதல் வருடம் பேச்சுத்தான் பெரிய சிக்கல். நானும் தமிழ், அவர்களும் தமிழ், இடையில் என்ன சிக்கல் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் வயிறு நோகும், கால் நோகும். வலி என்றால் காக்காய் வலி, அதாவது வலிப்பு. "அவனுக்கு வலி வாறது" என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கொள்வார்கள். மலையகத்தில் வலி என்றால் வெறும் நோவு. வந்து எட்டு மாதம்வரை இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு கிழவி வலி என்று வந்தாள். நான் மிகவும் கவனமாக, "வலி வரேக்க நாக்கைக் கடிக்கிறனீங்களோ?" என்று கேட்டேன். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முட்டி வலிக்கு எதுக்குங்க நாக்கக் கடிக்கணும்?" என்றாள். மருந்து கட்டுகிற முத்தையா சிரித்த சிரிப்பில் போத்தல் கைதவறி உடைந்தது. அவர்தான் எனக்கு அர்த்தத்தை விளக்கினார்.

இந்தக் கதையை நான் சொல்லாத பிரியாவிடை விருந்து கிடையாது. சொல்லும்போதெல்லாம் சபை சிரிக்கும். அந்தக் கிழவிக்கு முன்னால், அந்த எட்டு மாதத்தில் வலி என்று வந்தவர்களுக்கு நான் என்ன எழுதினேன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றரை வருடத்தில் வட்டகொடைப் பக்கம் மாற்றினார்கள். வேறும் இரண்டு இடங்களில் இருந்துவிட்டு, பத்து வருடத்துக்குப் பிறகு, யுத்தநிறுத்தக் காலத்தில் பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பினேன். அப்போது அங்கே பெரிய டாக்டராக இருந்தவர் குருணாகல் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. ஐம்பதை நெருங்கியவர், மெலிந்தவர், சத்தம் போடாதவர். நோயாளிகளிடம் அங்கிங்கே பொறுக்கிய தமிழில் பேசுவார். என்னோடு சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். எழுத்தில் இல்லாத எதையும் அவர் நம்பமாட்டார், எழுதியதையும் இலேசில் நம்பமாட்டார். ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்பது அவர் பழக்கம். சோதிக்கும்போது ஒரு தரம், சோதித்து முடித்து நோயாளி சட்டை போடும்போது ஒரு தரம். "சட்டைப் பொத்தான் பூட்டும்போது மனிதனுக்குப் பொய் யோசிக்க நேரம் இருக்காது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மருத்துவப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் அந்த இரண்டாவது கேள்வியில் அகப்பட்ட நெஞ்சு நோய்களை நானே பார்த்திருக்கிறேன்.

அவரிடம்தான் தியாகு ஒரு படிவத்தோடு வந்தான்.

தியாகராஜ் என்கிற தியாகுவுக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது இருக்கும். நோர்வூட்டில் ஒரு பேக்கரியிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷன்களுக்குப் பாண் கொண்டுபோகிறவன். அந்த மலைப் பக்கத்தில் சைக்கிள் வைத்திருப்பவன் பாதி வழி அதைத் தள்ளிக்கொண்டுதான் போவான். தியாகு மட்டும் பின்னால் தகரப் பெட்டி நிறையப் பாணை வைத்துக்கொண்டு, கியர் இல்லாத சைக்கிளில் இருக்கையை விட்டு இறங்காமல் மேலே போய்ச் சேருவான். ஒரு நாள் உல்லாசப் பயணம் வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை வளைவில் முந்திப் போய்விட்டான். அவர்கள் இருபது கியர் சைக்கிளில் மூச்சு வாங்கி மேலே வந்து சேர்ந்தபோது, இவன் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு சீனி பனிஸ் விற்றான். அவர்கள் பிரான்சில் ஒரு சைக்கிள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஊருக்குப் போய்க் கடிதம் எழுதினார்கள். அங்கே வருடா வருடம் ஒரு மலைப்பாதை ஓட்டம், தொழில்முறை அல்லாதவர்களுக்கானது. டிக்கட்டும் சைக்கிளும் அவர்கள் பொறுப்பு. கடவுச்சீட்டும், போட்டிக்கு உடல் தகுதியானது என்று ஒரு டொக்டரின் கையெழுத்தும் இவன் பொறுப்பு. கையெழுத்திட்ட படிவம் குறித்த நாளுக்கு முன் போய்ச் சேரவேண்டும். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

படிவம் ஒரே பக்கம். பெயர், பிறந்த தேதி, நான்கு கேள்வி, கீழே கையெழுத்தும் பதிவிலக்கமும் முத்திரையும். வேறு ஒருவரானால் தேநீர் ஆறுவதற்குள் முடித்திருப்பார். எங்கள் டொக்டர் அதை மூன்று தரம் வாசித்தார்.

"ஒருவன் நோயாளி என்று எழுதினால் அவன் வீட்டுக்குப் போய்ப் படுப்பான். சுகம் என்று எழுதினால் அவன் மலையிலிருந்து வேகமாக இறங்குவான். அப்போது இதயம் நின்றால் அது என் கையெழுத்து" என்றார்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், இளையவர்களுக்கு உதவும். படுக்கவைத்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ணினார். நாற்பத்துநான்கு. பக்கத்தில் நின்ற தாதிக்கு முகம் மாறிவிட்டது. "மலை ஏறுகிற இதயம் இப்படித்தான்" என்று டொக்டர் சொன்னார். இரண்டு கையிலும் இரத்த அழுத்தம் பார்த்தார். குந்தவைத்து நெஞ்சில் குழாயை வைத்தார், குழாயை எடுக்காமலே எழும்பச் சொன்னார். குந்தும்போது அடங்கி, எழும்பும்போது கேட்கிற ஓர் இரைச்சல் உண்டு, அது இளம் பிள்ளைகளை ஓட்டத்தின் நடுவில் கொல்லும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். தியாகுவிடம் அது இல்லை. குடும்பத்தில் வயது போகாமல் திடீரென்று செத்தவர் உண்டா என்று கேட்டார். "அப்பா செத்துட்டாருங்க. மழையில மரம் விழுந்துச்சு" என்றான். பிறகு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற ஐம்பத்திரண்டு படிகளையும் மூன்று தரம் ஓடி ஏறச் சொன்னார். தானும் மணிக்கூட்டோடு பனிக்குள் குடை பிடித்து நின்றார். இரண்டாவது நிமிடத்தில் அவன் நாடி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. டொக்டர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். ஈ.சி.ஜி.யைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எடுப்பித்தார். அதுவும் சுத்தம்.

மறுநாள் கையெழுத்து வாங்கத் தாயோடு வந்தான். தாய் ராமாயி, கொழுந்து எடுக்கிறவள். டொக்டர் பேனாவைத் திறந்துகொண்டே, வழக்கம்போல, "முன்னே ஏதும் பெரிய வருத்தம் இருந்ததா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மெடம். வேணுமின்னா பாருங்க, சின்னதிலயே எழுதிக் குடுத்திருக்காங்க" என்று தியாகு பொலித்தீன் பையிலிருந்து ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தான். முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லை விரலால் தொட்டான். "ஃபிட்டுன்னு போட்டிருக்குங்க. பெக்டரியில வேல கேட்டப்பகூட இதத்தான் காட்டுனேன். என்னமோ, எடுக்கல."

டொக்டர் பார்த்தார். அந்தச் சொல் ஃபிட்ஸ். வலிப்பு. அதன் கீழே பீனோபார்பிட்டோன் மாத்திரை, இரவு ஒன்று. பிறகு பக்கம் பக்கமாக மேற்படி, மேற்படி, மேற்படி. இரண்டு வருடத்துக்குக் கிட்ட. முதல் பக்கத்துக் கையெழுத்து என்னுடையது.

டொக்டர் பேனாவை மூடினார். "வலிப்பு கடைசியா எப்ப வந்தது?"

ராமாயி பதறிப்போனாள். "ஐயோ, அந்தச் சீக்கெல்லாம் எம்புள்ளைக்கு இல்லீங்க."

"அப்ப இந்த மாத்திரை?"

"அது வலி மாத்திரங்க. சின்னதில வலி வந்தா சுருண்டு சுருண்டு தரையில உருளுவான். தூக்கத்தில பல்ல நறநறன்னு கடிப்பான். இந்த ஐயாதான் வலிக்கு மாத்திர குடுத்து, நிறுத்தாமக் குடுக்கச் சொன்னாங்க."

டொக்டருக்கு அந்தத் தமிழில் பாதிதான் பிடிபட்டது. தரையில் உருளுவான், பல்லைக் கடிப்பான் என்பது மட்டும் பிடிபட்டது. என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "எல்லோரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள்" என்றார். கண்டி நரம்பியல் நிபுணரிடம் அனுப்பவேண்டும், அதுவரை கையெழுத்து இல்லை. கண்டி கிளினிக்கில் நாள் கிடைக்க ஐந்து வாரம். தியாகுவுக்கு அது போதும் விளங்குவதற்கு. எழும்பி நின்றான். "அப்ப போக ஏலாதுங்களா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி அதிகம். பூச்சி நோவில் பிள்ளை சுருண்டு உருளும், பூச்சி இருந்தால் பல்லைக் கடிக்கும் என்று தாய்மார் சொல்வார்கள். அவள் வயிற்று வலியைச் சொன்னாள், நான் வலிப்பைக் கேட்டேன். வலிக்கான மாத்திரை என்று நான் சொன்னேன், அவள் வயிற்று நோவுக்கு என்று கேட்டுக்கொண்டாள். ஒரே சொல் இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறது. இதை அங்கேயே, அந்த நிமிடமே, ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். "கண்டிக்குக் கடிதம் எழுதித் தாறன்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. கண்டிக்கு அனுப்புகைக் கடிதம் எழுத வேண்டும் என்று கொப்பி என் மேசை லாச்சியில் இருந்தது. முதல் பக்கத்தைக் கிழித்தால் அவனும் தப்புவான், நானும் தப்புவேன் என்று எத்தனை தரம் நினைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். டொக்டர் அதைப் பார்த்திருந்ததால் கிழிக்கவில்லை. விசாரணை வரும் என்ற பயம் கொஞ்சம். அதைவிட, பத்துப் பன்னிரண்டு வருடம் நல்ல பெயர் எடுத்தவன் என்ற வீறாப்பு. கண்டியில் எப்படியும் சுகம் என்றுதான் வரும், நான் ஏன் என் வாயால் கெடவேண்டும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அந்த மூன்று நாளும் தியாகுவுக்கு இருந்த பன்னிரண்டில் மூன்று.

நான்காம் நாள் காலை ராமாயி வெளிநோயாளர் வரிசையில் நிற்காமல் நேரே என் மேசைக்கு வந்து, ஒரு துணிப்பையில் பேரிக்காய் வைத்தாள். "கண்டியில நீங்க சொன்னா வெரசா பாப்பாங்கன்னு சொல்றாங்க. சின்னதில அவன் வலிய நிறுத்துனது நீங்கதானுங்களே. இந்தத் தடவயும் பாத்துச் செய்யுங்க ஐயா."

அந்தப் பை மேசையில் இருக்க நான் எழும்பி டொக்டரின் அறைக்குப் போனேன்.

நின்றபடியே சொன்னேன். சிங்களத்தில் தொடங்கி, முடியாமல் ஆங்கிலத்துக்கு மாறினேன். முடிந்ததும், "இதை எப்போது அறிந்தீர்கள்?" என்று கேட்டார். "கொப்பியைப் பார்த்த அன்றைக்கே" என்றேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதுங்கள். உங்கள் கையால். எந்தச் சொல், நீங்கள் என்ன நினைத்தீர்கள், அவர் என்ன சொன்னார். அடித்தல் திருத்தல் இல்லாமல்." மூன்று தாள் வீணாகி நாலாவதில் எழுதி முடித்தேன்.

அவர் உடனே கண்டிக்குத் தொலைபேசி எடுத்தார். நிபுணர் மூன்றாம் நாள் வரச் சொன்னார். விடியற்காலை பஸ்ஸில் தியாகுவை நானே கூட்டிக்கொண்டு போனேன். ஏன் ஐயா வருகிறார் என்று அவனுக்குத் தெரியாது, பெரிய மரியாதை என்று நினைத்து ஜன்னல் பக்கத்து இருக்கையை எனக்குக் கொடுத்தான். வழியில் சும்மா எவ்வளவு படித்தாய் என்று கேட்டேன். "மூணாம் வகுப்பில ரெண்டு வருசம் இருந்தேங்க. மண்டையில ஏறல. வகுப்பில ஒக்காந்தா தூக்கந்தான். டீச்சர் பெஞ்சில ஏத்தி நிக்க வைப்பாங்க, நின்னுகிட்டே தூங்குவேன். அப்புறம் அஞ்சோட நின்னுட்டேன்" என்று சிரித்தான். பீனோபார்பிட்டோன் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பஸ் பாதி வழியிலேயே நின்றுவிட்டால் நல்லது, கண்டி வந்துவிடக் கூடாது என்று தோன்றியது. தலையில் கம்பிகள் ஒட்டி எடுத்த படத்தில் ஒரு பிழையும் இல்லை. நிபுணர் தன் கடிதத்தில், வலிப்புக்கான அறிகுறி எதுவுமில்லை, தாயிடம் நோய் வரலாறு மறுபடி கேட்டுப் பதியவும் என்று எழுதினார்.

அவன் போனதையும், பல நூறு பேரில் ஒருவனாக அந்த மலையை ஏறி முடித்துத் திரும்பியதையும் ஊர் அறியும். படம் பேக்கரியில் மாட்டியிருக்கிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

படிவம் அனுப்பக் கடைசி நாள். டொக்டர் தாயையும் மகனையும் தன் அறையில் உட்கார வைத்தார். படிவமும் முத்திரையும் மேசையில் இருந்தன. என்னிடம், "வரலாறு மறுபடி எடுக்கவேண்டும். அந்த மாத்திரை என்னவென்று தெரியாமல் அவர் எப்படிச் சரியாகப் பதில் சொல்வார்? முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு நான் கேட்கிறேன்" என்றார்.

அவர்களுடைய தமிழில் சொன்னேன். "அம்மா, நான் அப்ப குடுத்தது வயித்து வலி மாத்திரை இல்லை. காக்கா வலிப்புக்குக் குடுக்கிறது. நீங்க வலின்னு சொன்னத நான் எங்க ஊரு அர்த்தத்தில எடுத்திட்டேன். உங்க மகனுக்கு அந்த வருத்தம் ஒரு நாளும் இருந்ததில்லை. பெக்டரியில எடுக்காததுக்கும் நான் எழுதினதுதான் காரணமா இருக்கும். பிழை என்னோடது."

ராமாயி என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப வலி எப்படிங்க நின்னுச்சு?"

"பூச்சி மருந்தும் சேத்துக் குடுத்தேன். அதில நின்னிருக்கும்."

"அந்த மாத்திர என்னாங்க செய்யும்?"

"தூக்கம் வரும். பகல்லயும் வரும். படிப்பில மனசு நிக்காது."

அவள் தியாகுவின் பக்கம் திரும்பினாள். என்னிடம் அல்ல, அவனிடம் சொன்னாள். "தூங்குமூஞ்சி தூங்குமூஞ்சின்னு ஒன்ன நானும் வெளக்குமாத்தால அடிச்சேனப்பா."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றான் அவன்.

அம்மா என்ன சொன்னார் என்று டொக்டர் கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் அதைப் பதியவில்லை. கேட்க வேண்டிய நான்கு கேள்விகளையும் ராமாயியிடம் தன் தமிழில் நிதானமாகக் கேட்டார், நான்குக்கும் இல்லை என்று எழுதினார். கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதித் தியாகுவிடம் நீட்டினார்.

அவன் அதைத் தாயின் கையில் கொடுத்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "இதில என்னாப்பா எழுதியிருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கும்மா."

ராமாயி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். நான் அங்கே இருந்த காலமெல்லாம் மருந்துத் துண்டு எதுவானாலும் என்னிடம் கொண்டுவந்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டவள் அவள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னைக் கேட்கவில்லை. தமிழ் பாதிதான் விளங்குகிற டொக்டரைப் பார்த்து, "மெய்தானுங்களா?" என்று கேட்டாள்.